கயித்தைத் தொட்டவளுக்கு ஒரு கூறு

ஒரு ஊர்ல ஒரு கயிறு இருந்துச்சாம்.

என்ன முழிக்கறே? ராஜா ராணிக்கெல்லாம் இன்னிக்கு லீவு. அத்தை காலையில ஒம்பது மணிக்கு ஜவுளிக்கடையில நின்னவ, இப்பத்தான் உக்காந்தேன். கிரீடம் வெச்ச ஆளுங்களைக் கூட்டிட்டு வர எனக்குத் தெம்பில்ல. கயிறுதான் இருக்கு. வேணும்னா கேளு, வேணாம்னா அந்தப் பக்கம் திரும்பிப் படு.

கேக்கறியா? அப்போ என் காலைத் தூக்கி உன் மடியில வெச்சுக்க. லேசா அமுக்கு. நீ அமுக்கற வரைக்கும் கதை ஓடும், விட்டா கதையும் நின்னுரும். நடுவுல 'ம்' போட மறக்கக் கூடாது.

நாளைக்கு ஸ்கூல்ல யாராச்சும் ஒரு தலைவரைப் பத்திப் பேசணும்னு காலையில ஒரே அழுகை அழுதியே. மத்த புள்ளைங்க எல்லாம் சிலை இருக்கற தலைவரைப் பத்திப் பேசட்டும். நான் சொல்றவளுக்குச் சிலை கிடையாது. நெஜமா நடந்துச்சான்னு மட்டும் கேக்காதே. எங்க அத்தை எனக்குச் சொன்னா, நான் உனக்குச் சொல்றேன், அவ்வளவுதான்.

அது கரைவலைக் கயிறு. பீச்சுல வரிசையா நின்னு இழுத்தாங்களே, நீ கூட ஓடிப் போயி கயித்தோட வாலைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னு அடம் புடிச்சியே, அது. படகு போயி கடலுக்குள்ள வலையை வளைச்சுப் போட்டுட்டு வந்துரும். அப்புறம் ரெண்டு பக்கக் கயித்தையும் கரையில நின்னு இழுக்கணும். வலையோட கடைசியில பை மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு மடின்னு பேரு. மீன் எல்லாம் மடியில வந்து சேரும்.

ஆனா இந்தக் கயிறு நம்ம ஊர்க் கடல்ல இல்ல. ஆப்பிரிக்காவோட கீழ்க்கோடியில நேட்டால்னு ஒரு சீமை. வெள்ளைக்காரன் அங்க கரும்பு போட்டான். வெட்ட ஆள் வேணும்னு நம்ம பக்கத்துலருந்து கப்பல் கப்பலா சனத்தை ஏத்திட்டுப் போனான். ஒப்பந்தம் முடிஞ்சதும் சில பேர் திரும்பி வந்தாங்க. சில பேர் அங்கேயே காய்கறி போட்டாங்க. சில பேர் கடற்கரைக்குப் போயி வலை கட்டினாங்க. அப்படி வலை கட்டின குடும்பத்துல பொறந்தவதான் காத்தாயி.

ம் சொல்லு.

காத்தாயி எப்படி இருப்பா தெரியுமா? ஒல்லியா, கன்னங்கரேல்னு, முட்டி ரெண்டும் வீங்கிப் போயி இருப்பா. புருசன் கடலோட போயிட்டான். கூட இருந்தது தம்பி சடையன் ஒருத்தன்தான். அவன் மணல்மேட்டு மேல நின்னு மீன் கூட்டம் வருதான்னு பாப்பான். கடல் ஒரு பக்கமா கறுத்துச்சுன்னா துண்டை எடுத்து பட்டு பட்டுன்னு ஆட்டுவான். உடனே படகு கிளம்பும். ஏலேலோ ஐலசா, ஏலேலோ ஐலசான்னு கயிறு கரைக்கு வரும். சொர்ர்ர், சொர்ர்ர்.

அந்தக் கயித்துக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. மடி மணலைத் தொடறதுக்கு முன்னாடி யார் கயித்துல கை வெச்சாலும் அவங்களுக்கு ஒரு கூறு மீன். சின்னப் புள்ளை கை வெச்சாலும் கூறு. வழிப்போக்கன் வெச்சாலும் கூறு. நேத்துச் சண்டை போட்டவன் வந்து வெச்சாலும் கூறுதான். மடி மணலைத் தொட்டதுக்கு அப்புறம் ஓடி வந்து புடிச்சா கூறு கிடையாது, போயிட்டு நாளைக்கு வான்னுருவாங்க.

இன்னொரு சட்டமும் இருந்துச்சு. மீனைக் குவியல் குவியலாக் கூறு போடுவாங்கல்ல, அப்போ பேர் சொல்றது காத்தாயிதான், ஆனா அவ கூறைப் பாக்கக் கூடாது. முதுகைக் காட்டிட்டு, கடலைப் பாத்துத்தான் உக்காரணும். வேற ஒருத்தர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?"ன்னு கேக்கணும். இவ பாக்காமலே ஒரு பேரைச் சொல்லணும். எது பெரிய கூறு, எது சின்னக் கூறுன்னு இவளுக்குத் தெரியாதுல்ல? அதனால யாரும் காத்தாயியைக் குறை சொன்னது கிடையாது. எங்க கடை மேனேஜர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கறப்பக்கூட இப்படிக் குடுத்தா எனக்கு ஒரு தடவையாச்சும் முந்திரி வெச்சது வந்திருக்கும்.

அந்த 'இது யாருக்கு?'ன்னு கேக்கறவ பேரு நொம்வூலா. அவ நம்ம ஆளு இல்ல, ஜூலு சனம். அந்த மண்ணு அவங்களோடது, மத்தவங்க எல்லாம் அப்புறம் வந்தவங்க. நொம்வூலான்னா மழையோட வந்தவன்னு அர்த்தமாம். நல்ல உயரம், கயித்தைப் புடிச்சான்னா ரெண்டு ஆள் இழுப்பு. முதல்ல அவளுக்குத் தமிழ்ல அந்த ரெண்டு வார்த்தைதான் தெரியும். அப்புறம் காத்தாயியோட சேர்ந்து சேர்ந்து திட்டறதுக்கும் கத்துக்கிட்டா. பத்து வருசமா காத்தாயி வாயில முதல்ல வர்ற பேரு நொம்வூலாதான். "இது யாருக்கு?" "நொம்வூலாவுக்கு." "இது யாருக்கு?" "சடையனுக்கு." இப்படியே போகும்.

அப்போ ஒரு நாள் காலையில வந்து பாத்தா, மணல்ல டொக், டொக், டொக்னு சத்தம். ரெண்டு ஆளுங்க ஒரு போர்டை அடிச்சு நட்டுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல சட்டை கசங்காம ஒரு தொரை நிக்கறான். பேரு என்னவோ, சனங்க அவனுக்குப் போர்டு தொரைன்னு பேரு வெச்சிருச்சு.

போர்டுல என்ன போட்டிருந்துச்சு? இந்த மணல் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். அவ்வளவுதான். இந்தியாக்காரங்களுக்கு வடக்கால வேற கரை, ஜூலு சனத்துக்கு அதையும் தாண்டி வேற கரை. அங்கெல்லாம் ஒரே பாறைடி, வலை போட்டா கிழிஞ்சு நார் நாராப் போயிரும். வலை போடறதுக்குத் தோதான மணல் இது ஒண்ணுதான். அந்த மணல்ல வெள்ளைக்காரங்க துண்டு விரிச்சு வெயில் காயப் போறாங்களாம்.

ஏன்னா கேக்கறே? தோல் நெறத்துக்குத்தான். வேற ஒரு காரணமும் கிடையாது. நான் மறைச்சுச் சொல்றேன்னு பாக்காதே, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. அந்த ஊர்ல பெஞ்சு, கக்கூசு, தபாலாபீஸ் வாசல், எல்லாத்துலயும் இப்படிப் பிரிச்சு எழுதி வெச்சிருந்தாங்க.

காலை விட்டுட்டே, அமுக்கு.

அப்போ நாப்பது குடும்பமும் காத்தாயி வீட்டு முன்னாடி வந்து நின்னுச்சு. "நீதான் போயிப் பேசணும்"னாங்க.

"நான் எதுக்கு? எனக்கு முட்டி வலிக்குது"ன்னா காத்தாயி.

"நீதான் நியாயமாக் கூறு போடறவ. நீ சொன்னா எல்லாரும் கேப்போம்."

"நான் சொல்லி நீங்க கேட்டா போதுமா? தொரை கேக்கணுமே"ன்னு சொல்லிக்கிட்டே செருப்பைத் தேடினா. குட்டி, ஆசைப்பட்டு அவ தலைவி ஆகல. செருப்பைத் தேடினா, ஆயிட்டா.

அப்புறம் முதல்ல என்ன பண்ணினா? ஆபீஸுக்குப் போனா. நொம்வூலாவும் கூடப் போனா. முன்வாசல் வெள்ளைக்காரங்களுக்கு, இவங்களுக்குக் குப்பைத்தொட்டிப் பக்கம் பின்வாசல். உள்ள ஒரு பெஞ்சு இருந்துச்சு, அதுலயும் எழுதியிருந்துச்சு. அதனால நின்னாங்க. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. மறுநாளும் போயி நின்னாங்க. நிக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். முதல்ல குதிகால் எரியும், அப்புறம் கெண்டைக்கால் கல்லாயிரும், அப்புறம் இடுப்புக்குக் கீழ ஒண்ணு இருக்கறதே மறந்து போயிரும். மூணாம் நாள் சாயங்காலம் தொரை வெளிய வந்தான்.

"உங்களுக்குத்தான் வேற கரை குடுத்திருக்கோமே"ன்னான்.

"அங்க பாறை, தொரை. வலை கிழிஞ்சிரும்."

"அது என் வேலை இல்ல"ன்னு சொல்லிட்டுத் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது என்ன பண்ணினா? "சரி, கேட்டாச்சு, குடுக்கல. இனிமே கேக்காம இழுப்போம்"னா. நாப்பது குடும்பமும், நொம்வூலாவோட சனமும் சேர்ந்து போயி, போர்டைத் தாண்டி வலையைப் போட்டாங்க. டுர்ர்ர்னு போலீஸ் ஜீப் வந்துச்சு. யாரும் ஓடல, யாரும் கை ஓங்கல. கயித்தை மட்டும் விடல. போலீஸ்காரன் கத்தியை எடுத்தான். சரக், சரக், சரக். வலை துண்டு துண்டாப் போச்சு. எல்லாரையும் வண்டியில ஏத்திட்டுப் போயி பத்து நாள் உள்ள வெச்சான்.

ஜெயில்லயும் பிரிச்சுத்தான் வெச்சாங்க, தெரியுமா? காத்தாயிக்கு ஒரு பாய் குடுத்தாங்க. நொம்வூலாவுக்குப் பாய் கிடையாது, வெறும் சிமெண்டுத் தரைதான். காத்தாயிக்கு இது தெரியும். அந்தப் பாயில படுத்தா முதுகு குத்துச்சாம், ஆனாலும் படுத்தா. என்ன பண்ணுவா, முட்டி வலி.

வெளிய வந்ததும் வலையைப் பின்னினாங்க. மறுபடி போட்டாங்க. டுர்ர்ர். சரக், சரக். பத்து நாள். மறுபடி பின்னினாங்க. டுர்ர்ர். சரக், சரக். இந்தத் தடவை இருவது நாள். அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்கல்ல? நகரல குட்டி. அடிச்சவங்க கைதான் வீங்குச்சு.

ம் சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்கே தூக்கம் வருது.

அப்புறம் பசி வந்துச்சு. ஆறு மாசமா மீன் இல்ல. சோளக்களியும் பாதி வயித்துக்குத்தான். அலுப்புன்னா அலுப்பு, அப்படி ஒரு அலுப்பு. காத்தாயி உக்காந்தா எந்திரிக்க மாட்டா, எந்திரிச்சா உக்கார மாட்டா. ராத்திரி கண்ணை மூடினா சரக் சரக்னு கேக்கும். தூக்கமே போச்சு. எல்லாரும் வந்து, அடுத்து என்ன பண்ணலாம், அடுத்து என்ன பண்ணலாம்னு அவ மூஞ்சியையே பாப்பாங்க. அவளுக்குன்னா எங்கயாச்சும் போயிப் படுத்துக்கணும் போல இருக்கும்.

அந்த நேரம் பாத்துத்தான் தொரை ஒண்ணு பண்ணினான். அவனே நடந்து காத்தாயி வீட்டுக்கு வந்தான். கையில ஒரு பேப்பர்.

"இங்க பாரு. விடியறதுலருந்து ஏழு மணி வரைக்கும் நீங்க அந்த மணல்ல வலை போடலாம். போலீஸ் வராது. வலையை அறுக்க மாட்டாங்க"ன்னான்.

"எல்லாருமா?"

"இந்தியாக்காரங்க மட்டும். ஜூலு ஆளுங்க போர்டு இருக்கற கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும். உனக்கு அதுல என்ன நஷ்டம்? உங்க ஆளுங்களுக்கு மீன் கிடைக்குதுல்ல?"

ஊரு ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு இதைத்தான் சொல்லுவாங்க. காத்தாயி பேப்பரைப் பாத்தா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசல்ல பாத்தா, சடையனோட புள்ளைங்க கத்தாழைத் தண்டைச் சூப்பிக்கிட்டு இருக்குதுங்க. முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

வெச்சுட்டா. ஆமா, கட்டை விரலை மையில தொட்டு வெச்சுட்டா.

ஏய், என் காலை எதுக்குத் தள்ளி விடறே? கோவமா? எனக்கும் தான் கோவம் வந்துச்சு, எங்க அத்தை சொன்னப்போ. ஆனா உன்னை மூணு நாள் நிக்க வெச்சு, ஆறு மாசம் பட்டினி போட்டு, தூக்கத்தையும் புடுங்கிக்கிட்டு, அப்புறம் ஒரு பேப்பரை நீட்டினா தெரியும்.

அன்னிக்கு ராத்திரி காத்தாயி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா. ஆறு மாசத்துல முதல் தடவையா நல்ல தூக்கம். அந்தத் தூக்கம்தான் அவளுக்குக் கடைசி வரைக்கும் வெக்கமா இருந்துச்சாம். விரல் வெச்சதை விட, வெச்சுட்டுத் தூங்கினதுதான்.

அப்புறம் விடிஞ்சுது. சடையன் மேட்டு மேல ஏறி துண்டை ஆட்டினான், பட்டு, பட்டு. கடல் அப்படிக் கறுத்துக் கிடக்கு. படகு போச்சு. ஏலேலோ ஐலசா. நம்ம சனம் இழுக்குது. நொம்வூலாவும் அவளோட சனமும் போர்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க. சும்மா பாத்துக்கிட்டு நிக்கறாங்க. காத்தாயி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்ல.

மடி கரைக்கு வந்துச்சு. அம்மாடி, என்னா மீன்! துள்ளுது, சளக் சளக்னு வெள்ளி வெள்ளியா. ஆறு மாசத்து மீனும் ஒண்ணா வந்த மாதிரி. புள்ளைங்க எல்லாம் ஓடி வந்து கை தட்டுது. வழக்கம் போல கூறு போட்டாங்க. காத்தாயி முதுகைக் காட்டிட்டுக் கடலைப் பாத்து உக்காந்தா.

இப்போ கேக்கறதுக்கு யாரு? நொம்வூலா இல்லையே. சடையன் வந்து முதல் கூறைத் தொட்டான்.

"இது யாருக்கு?"

"நொம்வூலாவுக்கு"ன்னா காத்தாயி.

அவ யோசிச்சுச் சொல்லல குட்டி. பத்து வருசப் பழக்கம், வாய் அதுவாச் சொல்லிருச்சு.

அலை ஷ்ஷ்ஷ்னு வந்துட்டுப் போச்சு. சடையன் மெதுவா, "அக்கா, அவ கயித்தைத் தொடலையேக்கா"ன்னான்.

அவன் சொன்னதுலயும் தப்பில்ல. அதானே சட்டம்? கயித்தைத் தொட்டாத்தானே கூறு?

"மறுபடி கேளு"ன்னா காத்தாயி.

"இது யாருக்கு?"

சடையன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தா. "நொம்வூலாவுக்கு"ன்னுதான் வந்துச்சு.

"இன்னொரு தடவை கேளுடா."

"இது யாருக்குக்கா?"

இந்தத் தடவை காத்தாயி திரும்பினா. கூறு போடறப்போ அவ திரும்பி யாரும் பாத்ததே கிடையாது. மீனைப் பாக்கல. போர்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறவளைப் பாத்தா. நொம்வூலாவும் பாத்தா.

அப்புறம் கையை ஊணி எந்திரிச்சா. கயித்தோட முனையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. ஈரக் கயிறு, என்னா கனம். சரக்கு, சரக்குன்னு மணல்ல இழுபடுது. யாரும் கூட வரல. முட்டி மடங்கி ஒரு தடவை விழுந்தா. எந்திரிச்சா. கோட்டுக்கிட்ட போயி, கோட்டைத் தாண்டி, நொம்வூலா காலடியில கயித்தைப் போட்டா.

நொம்வூலா குனியல. கயித்தைத் தொடல.

"நேத்து நல்லாத் தூங்கினியா?"ன்னு கேட்டா. தமிழ்லதான் கேட்டா.

காத்தாயி பொய் சொல்லல. "தூங்கினேன்."

"நான் தூங்கல."

"எனக்கு அலுத்துப் போச்சு நொம்வூலா. உடம்பு, மனசு எல்லாம் அலுத்துப் போச்சு."

"எனக்கு அலுக்காதா? எனக்குப் பாய் கூடக் கிடையாது ஜெயில்ல. நான் ஒரு நாளாச்சும் உன்னை விட்டுட்டுக் கூறு வாங்கியிருக்கேனா?"

காத்தாயி அழுதா. அழுதுட்டு மூக்கை முந்தானையில துடைச்சுக்கிட்டு, "கயித்தைப் புடி"ன்னா.

"எதுக்கு? மடிதான் மணலுக்கு வந்தாச்சே. இப்போ தொட்டா கூறு இல்லையே. உங்க சட்டம்தானே?"

ஆமால்ல? காத்தாயி நின்னு யோசிச்சா. அப்புறம் திரும்பி அவ சனத்தைப் பாத்து ஒரு சத்தம் போட்டா பாரு, மேட்டு மேல இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சு.

"மீனை எல்லாம் அள்ளி மடியில போடுங்க! வலையைக் கடலுக்குள்ள தள்ளுங்க!"

"அக்கா, பைத்தியமா உனக்கு?"ன்னு சடையன் ஓடி வந்தான். "புள்ளைங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"தெரியும்டா. என் வயித்துக்கும் தெரியும். மடி இன்னும் மணலைத் தொடல. முன்ன தொட்டது கணக்கு இல்ல. தள்ளுங்க!"

பசியில கிடக்கறவங்க பண்ற காரியமா இது, நீயே சொல்லு? சில பேர் திட்டினாங்க. ஒரு பொம்பளை ரெண்டு மீனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னு அழுதா. காத்தாயி அவளை ஒண்ணும் சொல்லல. தானே போயி மண்டி போட்டு, மீனை அள்ளி அள்ளி மடியில போட்டா. முட்டி மணல்ல உரசி ரத்தம் வந்துச்சு. அப்புறம் சடையனும் குனிஞ்சான். அப்புறம் ஒவ்வொருத்தரா குனிஞ்சாங்க. இடுப்பளவு தண்ணி வரைக்கும் வலையைத் தள்ளினாங்க. சளப்! உசுரு இருந்த மீன் எல்லாம் சர்ர்ருனு நழுவி ஓடிருச்சு. செத்தது மிதந்துச்சு, அதுல பாதியைக் கடல் பறவை கொத்திக்கிட்டுப் போச்சு. தொரை குடுத்த பேப்பர் காத்தாயி இடுப்புலதான் இருந்துச்சு. தண்ணியில ஊறி, மை கரைஞ்சு, அதுவும் போச்சு.

அப்போ நொம்வூலா குனிஞ்சா. கயித்தைத் தூக்கினா. போர்டைத் தாண்டி வந்தா. அவளுக்குப் பின்னாடி அவ சனம் எல்லாம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் சேர்ந்து புடிச்சாங்க. ஏலேலோ ஐலசா. சொர்ர்ர், சொர்ர்ர். மடி மறுபடி மணலைத் தொட்டுச்சு.

தூரத்துல டுர்ர்ர்னு ஜீப் கேக்குது. "சீக்கிரம், உக்காரு"ன்னா நொம்வூலா. காத்தாயி முதுகைக் காட்டிக் கடலைப் பாத்து உக்காந்தா.

"இது யாருக்கு?"

"நொம்வூலாவுக்கு."

கூறுக்கு மூணு மீன். விரல் நீளம்தான் ஒவ்வொண்ணும். எல்லாருக்கும் வந்துச்சு. கடைசிக் கூறு பேரைச் சொல்லி முடிக்கறப்போ போலீஸ்காரன் வந்து அவ தோளைப் புடிச்சான். "இரு, எந்திரிக்க நேரமாகும்"னா.

அன்னிக்கு ராத்திரி ஜெயில்ல காத்தாயி பாயைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டா. வெறும் தரையில படுத்தா. தூக்கம் வரல. வராட்டி என்ன, படுத்துக் கிடந்தா.

ம்? அப்புறம் போர்டை எடுத்துட்டாங்களான்னா கேக்கறே?

எடுக்கல குட்டி. உன் கார்ட்டூன்ல வர்ற மாதிரி மறுநாளே எடுத்துருவாங்களா? முப்பது வருசம் அந்தப் போர்டு நின்னுச்சு. துருப் புடிச்சு விழுந்தா புதுசு நட்டாங்க. இவங்களும் முப்பது வருசம் போனாங்க. போர்டு தொரை ரிட்டையர் ஆகிப் போயி, அடுத்த தொரை வந்தான், அவனும் போனான். வலை அறுந்துச்சு, பின்னினாங்க. சில நாள் மீன் கிடைச்சுது, பல நாள் ஜெயில் கிடைச்சுது. சடையனுக்குக் கண்ணு மங்கி மேட்டுல ஏற முடியாமப் போச்சு, அவன் மகன் ஏறினான். இவங்களை மாதிரியே அந்த நாடு பூரா, வேற வேற போர்டு முன்னாடி, வேற வேற சனம் போயி நின்னுச்சு. செத்தவங்க எத்தனையோ பேர். அலுப்பா இல்லாம ஒரு நாளும் இல்ல. ஆனா தொரைங்க எத்தனை தடவை பேப்பரை நீட்டினாலும், "எல்லாருமா?"ன்னு காத்தாயி ஒரு வார்த்தைதான் கேப்பா. இல்லைன்னா உள்ள போயி கதவைச் சாத்திக்குவா.

அப்புறம் ஒரு நாள் அதே டொக், டொக், டொக். ஆனா இந்தத் தடவை புடுங்கற சத்தம். ரெண்டு ஆளுங்க வந்து போர்டைப் புடுங்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. மாலை இல்ல, பேச்சு இல்ல. இனிமே யாரு வேணும்னாலும் நிக்கலாமாம். இதைச் சொல்ல முப்பது வருசம்.

காத்தாயிக்கு அப்போ எம்பது தாண்டிருச்சு. நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. நொம்வூலா தடி ஊணிக்கிட்டு வந்தா. மணல்ல ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சாங்க. காலை வெயில் இதமா அடிக்குது. படகு போச்சு. கயிறு கரைக்கு வந்துச்சு. காத்தாயிக்கிட்ட கயித்தைக் குடுக்கலாம்னு சடையனோட பேத்தி ஓடி வந்தா. வந்து பாத்தா, கிழவி தூங்கறா.

இல்லடி, சாகல! சும்மா பயந்துக்காதே. தூங்கறா. கொர்ர்ர், கொர்ர்ர்னு குறட்டை, வாயைத் திறந்துக்கிட்டு.

"ஆயா, எந்திரி, கயித்தைத் தொடு, மடி வருது"ன்னு அந்தப் பொண்ணு உலுக்கப் போனா. நொம்வூலா தடியை நீட்டித் தடுத்தா.

"எழுப்பாதே"ன்னா. "இன்னிக்கு நல்லாத் தூங்கட்டும்."

மடி வந்துச்சு. கூறு போட்டாங்க. காத்தாயி தூங்கறாளே, பேரு யாரு சொல்றது? நொம்வூலாவே முதுகைக் காட்டிக் கடலைப் பாத்து திரும்பிக்கிட்டா. அந்தப் பொண்ணு முதல் கூறைத் தொட்டா.

"இது யாருக்கு?"

"காத்தாயிக்கு."

"அவங்கதான் கயித்தையே தொடலையே, பாட்டி. தூங்கிட்டாங்களே?"

நொம்வூலா திரும்பல. கடலைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அவ தொட்ட கயித்தைத்தான்டி நீ இப்போ இழுத்தே."

அப்புறம் அந்த மூணு மீனை, இல்ல, அன்னிக்கு நெறைய இருந்துச்சு, ஒரு கூடை மீனை, காத்தாயி பக்கத்துல சத்தம் போடாம வெச்சுட்டு, வெயில் மூஞ்சியில படாம தன் தலைத்துணியை அவுத்து மேல போத்தி விட்டா.

குட்டி? ம் சொல்லு.

சொல்லலையா? காலை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறே. சரி, விடு. நாளைக்கு ஸ்கூல்ல பாதிதான் சொல்லப் போறே, மீதியைக் காலையில தலை வாரறப்போ சொல்றேன்.

வலையை உலத்தியாச்சு, கயித்தைச் சுருட்டியாச்சு, கதையும் ஆச்சு. நல்லாத் தூங்கு கண்ணு. யாரும் உன்னை எழுப்ப மாட்டாங்க.